ஒரு மூடி தீர்த்தம்

இப்படி ஜன்னலோரமா நகந்துக்குங்க தம்பி, நான் இந்தக் கடைசில ஒக்காந்துக்கறேன். மடியில இந்தக் கேன் இருக்குது பாருங்க, அலுங்கக் கூடாது. கீழ வெச்சா வளைவுக்கு வளைவு உருண்டு ஓடும். மேல வெக்கலாம்னா எவனோ கோழிக்கூண்டு வெச்சிருக்கறான். சின்னக் கேன்தானுங்க, அரை லிட்டரு புடிக்கும். மடியிலயே இருக்கட்டும்.

கோத்தகிரிக்குத்தானுங்க? நானும் அங்கதான். என்ன பண்றீங்க? கரண்டு ஆபீஸா? நல்லதாப் போச்சு, மெசினு வெசயம் புரிஞ்ச ஆளு. இந்த நாயத்தை நான் வெகு பேருகிட்டச் சொல்லிட்டேன், ஒருத்தனுக்கும் புரியலைங்க. கடைசி வரைக்கும் கேட்டுப்போட்டு எம்பக்கம் தப்பிருந்தாச் சொல்லுங்க. இருக்காது. இருந்தாச் சொல்லுங்க.

எம்பேரு நாச்சிமுத்து. கோபியில மோட்டார் கடை வெச்சிருக்கறேன். கெணத்து மோட்டாரு, போர் மோட்டாரு, பைப்பு, வால்வு, எல்லாம் முப்பது வருசமா. தண்ணி எங்க போகும், எங்க நிக்கும், எங்க காத்து அடைக்கும்னு சத்தத்தை வெச்சே சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லலைங்க, பின்னால வேணும்னு சொல்றேன்.

இன்னிக்கு எம்பொண்ணுக்குக் கட்டுச்சோறு. ஒரே பொண்ணுங்க, இந்துமதி. கோத்தகிரில குடுத்திருக்குது. மாப்பிள்ளை பிரகதீஸ்வரன், தேயிலைப் பேக்டரில ஆபீசரு. தலைப்பிரசவம், ஏழு மாசம். வழக்கப்படி சோறு கட்டிக் கொண்டுபோயி எல்லாருக்கும் விருந்து வெச்சுப்போட்டு, புள்ளையக் கையோட ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். ஒறம்பரை சனமெல்லாம் வாடகை வேன்ல முன்னாலயே போயிட்டாங்க. பொண்ணைப் பெத்தவன் நான் பஸ்ஸுல போறேன். ஏன்னு கேளுங்க.

எங்கூட்டு வாசல்ல ஏழு பேரு ஒக்கார்ற பெரிய வண்டி நிக்குதுங்க தம்பி. சொந்த வண்டி. எம்புள்ளை பிரசவத்துக்கு மலையெறங்கி வர்றப்ப காலை நீட்டிட்டு, சாஞ்சுட்டு, அலுங்காம வரோணும்னு அவளைக் கட்டிக்குடுத்த வருசமே வாங்கிப் போட்டது. அதுக்குன்னேதான் வாங்குனேன். அந்த வண்டில அவ வரக் கூடாதுன்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிப்போட்டாங்க. மாப்பிள்ளை அவரோட கார்லயே கொண்டாந்து உடறாராம். தீப்பெட்டியாட்டம் ஒரு காரு. அதுல எம்புள்ளை வயித்தைத் தூக்கிட்டு ஒடுங்கி ஒக்காந்து வரோணுமாம். எனக்கு ரோசம் வந்துருச்சுங்க. சொந்த வண்டியை வாசல்ல நிறுத்திப்போட்டு வாடகை வேன்ல ஏற மாட்டேன், பஸ்ஸுலயே வர்றேன்னுட்டேன்.

அதா, முன்னால லேடீஸ் சீட்டுல, மடியில வெள்ளைத் துணி மூட்டையோட ஒக்காந்திருக்குது பாருங்க, அதுதான் எங்கூட்டுக்காரி பொன்னாத்தா. நீ வேன்லயே போன்னு சொன்னேன். "உங்களைத் தனியா உட மாட்டேன்"னு எம்பொறகாலயே வந்துபோட்டா. கலியாணமான புதுசுலகூட இத்தனை பாசம் கெடையாதுங்க. திரும்பித் திரும்பிப் பாக்கறா பாருங்க. இப்பக்கூட. அந்த மூட்டையில இருக்கறது புளிச்சோறு. மத்த சோறெல்லாம் சமையக்காரன் ஆக்குனது, வேன்ல போயிருச்சு. இது பொண்ணுக்குன்னு அவ கையால ஆக்குனது. மேட்டுப்பாளையத்துல பசிக்குதுன்னு ஒரு வாய் கேட்டேன். "எம்புள்ளை வாயில வெக்கறதுக்கு முன்னால இந்தக் கட்டை அவுக்க மாட்டேன், சாமியே வந்து கேட்டாலுஞ் செரி"ன்னுட்டா. நான் ஒரு வடையைத் தின்னுட்டு ஏறிட்டேன்.

செரி, வண்டி நாயத்துக்கு வர்றேன்.

வண்டி எடுத்தன்னிக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், தேங்கா, சூடம், பூசணிக்கா. அதெல்லாம் எல்லாரும் பண்றதுதான். எம்பழக்கம் ஒண்ணு தனி. எங்கடையில எந்த மோட்டாரு வித்தாலும் பவானி கூடுதுறைத் தீர்த்தம் ஒரு மூடி ஊத்தித்தான் கடையை உட்டுத் தாட்டி உடுவேன். அமாவாசைக்கு அமாவாசை போயி மொண்டுட்டு வந்துருவேன். எங்கடை மோட்டாருல காயில் கம்பி கருகாதுன்னு கோபியில யாரை வேணாக் கேளுங்க. மோட்டாருக்குப் பண்றதை வண்டிக்குப் பண்ண வேண்டாமா? அன்னிக்கும், அப்பறம் அமாவாசைக்கு அமாவாசையும், பானெட்டைத் தொறந்து வெச்சுட்டு, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு மூடி.

அதுக்குன்னு கண்ட எடத்துல ஊத்தறவன் இல்லைங்க நான். டீசல் டாங்குல ஊத்துனா வண்டி நின்னுரும், சின்னக் கொழந்தைக்குத் தெரியும். எஞ்சின் ஆயில்லயும் ஆகாது. பாட்டரிப் பக்கமே போறதில்லை. கரண்டுக்குத் தண்ணி ஆகாதுன்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா. மனுசன் அறிவோட பண்ணோணுமுங்க. ரேடியேட்டருக்கு ஒரு மூடி. கண்ணாடி கழுவற டப்பாவுக்கு ஒரு மூடி. அப்பறம் ஒரு மூலையில வெள்ளை டப்பா இருக்கும், கறுப்பு மூடி போட்டு. பிரேக்கு எண்ணெய் டப்பா. அதுக்கு ஒரு மூடி. அதுதான் முக்கியமுங்க. வண்டியை ஓட வெக்கறது கம்பெனிக்காரன் பொறுப்பு, நிக்க வெக்கறது சாமி பொறுப்பு.

டப்பா நெறைஞ்சிருந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதுக்கும் வழி இருக்குது. பழைய துணியில கொஞ்சோண்டு எண்ணெயை ஒத்தியெடுத்து எடம் பண்ணிக்கோணும். அதுல ஒரு அதிசயம் பாருங்க தம்பி. எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதும்பாங்க. இந்தத் தீர்த்தத்தை அந்த எண்ணெயில ஊத்துனா, பாலுஞ் சக்கரையுமாட்டம் கலந்தே போயிருது. மெதக்கறதே இல்லை. டார்ச் அடிச்சுப் பாத்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. கூடுதுறைன்னா சும்மாவா.

ஏனுங் தம்பி, நெளியறீங்க? வெயிலா? சித்தெ பொறுங்க, குஞ்சப்பனை தாண்டுனா குளுந்துரும்.

மொத வருசம் ஒரு கொறையுமில்லை. கோபி, ஈரோடு, கோயமுத்தூருன்னு சமவெளியிலயே ஓடுச்சு. போகப் போக பிரேக்கு சித்தெ மெத்துன்னு ஆச்சு. மிதிச்சா தலகாணியை மிதிக்கற மாதிரி. பெரிய வண்டியில்லீங்களா, சொகுசு இப்படித்தான் இருக்கும்போலன்னு உட்டுட்டேன்.

போன மாசியில சம்மந்தியையும் சம்மந்தியம்மாவையும் எங்க பங்காளியூட்டுக் கலியாணத்துக்குக் கூட்டிட்டு இந்த மலையில எறங்கறேன். பொன்னாத்தா முன்னால, அவங்க ரெண்டு பேரும் பொறகால. ஏறுனதும் சம்மந்தியம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க. "வண்டி தேராட்டம் இருக்குதுங்க." இந்த வார்த்தையை மனசுல வெச்சுக்குங்க. பாதி மலை எறங்கியாச்சு. ஒரு வளைவுல மிதிச்சா, பிரேக்கு நேராப் போயித் தரையைத் தொட்டுருச்சு. வண்டி கேக்கலை. மறுபடி மிதிச்சேன், மறுபடியும் தரை. இருட்டுல இன்னொரு படி இருக்குதுன்னு கால் வெச்சு, படி இல்லைன்னா எப்படி இருக்கும், அப்படி.

நான் பதறலைங்க. கியரை ரெண்டுக்குப் போட்டேன், ஒண்ணுக்குப் போட்டேன். எஞ்சின் ஓலமிடுது. கை பிரேக்கை இழுத்துப் புடிச்சுட்டேன். பொன்னாத்தா மாரியாத்தாளைக் கூப்புடறா. சம்மந்தி வண்டிக்குள்ள கொடையை விரிச்சுப்போட்டாருங்க. எதுக்கு விரிச்சாருன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்கே தெரியலை. எந்தப் புண்ணியவானோ ரோடு போடறதுக்கு ஓரத்துல மணல் குமிச்சு வெச்சிருந்தான். அதுல கொண்டுபோயிச் சொருகிட்டேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் மட்டும் மாசாமாசம் தீர்த்தம் ஊத்தாம இருந்திருந்தா, அன்னிக்கு நாலு பேரும் பள்ளத்துல கெடந்திருப்போம்.

வேடிக்கை இனிமேத்தான். மணலைத் தள்ளி வண்டியை வெளிய எடுக்க ரொம்ப நேரமாயிருச்சு. எடுத்து மிதிச்சுப் பாக்கறேன், பிரேக்கு கச்சிதமாப் புடிக்குது. ஆறிப்போன காப்பியாட்டம் வண்டி சாதுவா நிக்குது. இதுக்கு என்னங்க அர்த்தம்? வண்டில கோளாறு இல்லை. கண்ணு. தேராட்டம்னு சொன்னாங்க பாருங்க, அந்தக் கண்ணு. பொண்ணு குடுத்த எடம், வாயத் தொறந்து சொல்ல முடியுமா? முழுங்கிட்டேன். நல்லாத்தான் இருக்குது, ஏறுங்கன்னேன். ஒருத்தரும் ஏறலை. அந்தப் பக்கமா வந்த பஸ்ஸுல மூணு பேரும் ஏறிட்டாங்க. ஏழு பேரு ஒக்கார்ற வண்டில நான் ஒருத்தன் பொறகால போறேன். பஸ்ஸு பின் கண்ணாடி வழியா மூணு மூஞ்சியும் என்னையவே பாத்துட்டு வருது. சம்மந்தி அப்பவும் கொடையை மடக்கலைங்க.

கோபியில சம்சுதீன்னு மெக்கானிக்கு, நல்ல மனுசன். சக்கரத்தையெல்லாம் கழட்டிப் பாத்தாரு. "அண்ணா, பெடல் மெத்துன்னு இருக்குது. காத்துப் புகுந்திருக்கோணும், இல்லாட்டித் தண்ணி சேந்திருக்கோணும். டப்பாவுல தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?"ன்னாரு. சுருக்குன்னு கோவம் வந்துருச்சு எனக்கு. "எம்புள்ளைமேல சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலை"ன்னேன். பிரேக்குல எவனாச்சும் தண்ணி ஊத்துவானா? நான் என்ன கிறுக்கனா? அவரும் நம்பிட்டாரு. அப்பக் காத்தாத்தான் இருக்கும்னு, காத்தை வெளியேத்தி உட்டுட்டு அனுப்பிச்சாரு.

என்னங்க சொன்னீங்க? தீர்த்தமும் தண்ணிதானான்னா? நீங்களுமா தம்பி. படிச்சவங்க இப்படிப் பேசலாமா? கொழாய்த் தண்ணியும் கூடுதுறையும் ஒண்ணுன்னா, மூணு ஆறு சேர்ற எடம்னு அத்தனை சனம் எதுக்குங்க அங்க போகுது? அவங்க ஊட்டுல கொழாய் இல்லாமயா?

இருங்க, முடிச்சர்றேன். காத்துன்னு சம்சுதீன் சொன்னாரு பாருங்க, அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. காத்து அடைச்ச மோட்டாருக்கு நாங்க என்ன பண்ணுவோம்? மேல மூடியைக் கழட்டித் தண்ணியை ஊத்துவோம். தண்ணி எறங்க எறங்கக் காத்து வெளிய ஓடிரும், மோட்டாரு புடிச்சுக்கும். காலங்காலமா இதுதான வைத்தியம். வண்டி மெக்கானிக்குகளுக்கு இந்த நுணுக்கம் தெரியாதுங்க. ஊட்டுக்கு வந்து கால் கை கழுவி, சாமி கும்புட்டு, பிரேக்கு டப்பாவுக்கு ஒரு மூடிக்கு மூணு மூடியா உட்டேன்.

கம்பியை எதுக்குத் தம்பி இந்தப் புடி புடிக்கறீங்க? பஸ்ஸு மேலதான ஏறுது.

சித்திரையில சேதி வந்துச்சு, இந்துமதி முழுகாம இருக்கறா, மூணு மாசம்னு. அன்னிக்கு நான் கடையில வந்தவனுக்கெல்லாம் லட்டு குடுத்தேன். வண்டியை எடுத்துட்டு நானும் பொன்னாத்தாளும் போனோம். பொன்னாத்தா வண்டில வர மாட்டேன்னு ஒரே ஓரியாட்டம். பூசணிக்கா சுத்தியாச்சு, கறுப்புக் கயிறு கட்டியாச்சு, இனி என்ன பயம்னு ஏத்திட்டுப் போனேன். வாய்க்கு ருசியா ஆக்கிப் போட நாலு நாளைக்குக் கூட்டிட்டு வரலாம்னு, திரும்பறப்ப புள்ளையும் எங்ககூட வந்தா. நடுச் சீட்டுல, காலை நீட்டிட்டு. கண்ணாடில நான் பாக்கறேன், அவ தூங்கறா. நெனச்ச மாதிரியே ஆச்சுன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க.

கலங்கி முடியலை, பிரேக்கு தரையில.

அன்னிக்கு மட்டும் நான் பயந்துட்டேன் தம்பி. பொய் சொல்லலை. முந்தின தடவை குமிச்சு வெச்ச மணலு இல்லை, ரோடு போட்டு முடிச்சிருந்தாங்க. எதுக்க ஒரு லாரி வருது. பொன்னாத்தா எந்தோளைப் புடிச்சுட்டா. புள்ளை முழிச்சுட்டா. கத்தலைங்க. "அப்பா"ன்னா. அவ்வளவுதான். மூணு வயசுல இருட்டுல முழிச்சாக் கூப்புடுவா பாருங்க, அதே மாதிரி. எடது பக்கம் எஸ்டேட்டுக்கு மேடு ஏறற ஒரு வழி தெரிஞ்சுது. அதுல திருப்பிட்டேன். மேடு ஏறி, வேகம் கொறைஞ்சு, பொறகால உருண்டு, தேயிலைச் செடில போயிச் சாஞ்சு நின்னுச்சு. ஸ்டீரிங்கை உட எனக்குக் கை வரலைங்க. வெரலை ஒவ்வொண்ணாப் பொன்னாத்தாதான் பிரிச்சு எடுத்தா.

புள்ளை எறங்கிப் போயி ஒரு கல்லு மேல ஒக்காந்தா. வயித்துல கை வெச்சிருந்தா. நான் பக்கத்துல போனேன். "அப்பா, இந்த வண்டில நான் இனி ஏற மாட்டேன். நீங்க வருத்தப்பட்டாலுஞ் செரி"ன்னா. அவளுக்குன்னு வாங்குன வண்டிங்க.

அடுத்த வாரமே மாப்பிள்ளை லீவு போட்டுட்டு வந்து, வண்டியைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோயி எல்லாத்தையும் மாத்திக் கொண்டாந்தாரு. வந்து, "மாமா, பிரேக்கு எண்ணெயில பாதி தண்ணி. மலையெறங்கறப்ப சூட்டுக்கு அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாயிருது, அதுதான் பிரேக்கு புடிக்கலை. ஆறுனா மறுபடியும் புடிக்குது. யாருங்க தண்ணி ஊத்துனது?"ன்னாரு.

எனக்கு அப்பத்தானுங்க எல்லாம் வெளங்குச்சு. நான் ஊத்துன தீர்த்தத்துல எவனோ தண்ணி கலந்திருக்கறான். வேணும்னே. எங்க வளர்ச்சி புடிக்காதவன். அதனாலதான் தீர்த்தம் வேலை செய்யலை. "மாப்ள, இது ஆகாதவன் வேலை"ன்னேன். அவரும் கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்பறம் அவரே வாசல்ல ஒரு கேமரா மாட்டி, அவரு போன்ல பாக்கற மாதிரி பண்ணிட்டுப் போனாரு. நல்ல மாப்பிள்ளைங்க, அதைச் சொல்லோணும்.

அமாவாசை வந்துச்சு. நான் எப்பயும் போலக் கூடுதுறைக்குப் போயிட்டு வந்து, பானெட்டைத் தொறந்து, ஊத்தி, கும்புட்டு, மூடுனேன். அன்னிக்குப் பொழுதோட மாப்பிள்ளை மலையெறங்கி ஊட்டுக்கே வந்துட்டாரு. சொல்லாமக் கொள்ளாம. "என்ன மாப்ள, திருடன் சிக்குனானா?"ன்னேன். என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. "மாமா"ன்னாரு. தலையைக் குனிஞ்சுட்டாரு. "யாருமே வரலைங்களா?"ன்னேன். "நீங்க மட்டுந்தான் மாமா வர்றீங்க"ன்னாரு. அப்படீன்னா பாருங்க, திருடன் எத்தனை கெட்டிக்காரன்னு. கேமராவுலயே உழுகலை.

அப்பறம் சமையக்கட்டுல போயி மாமியாரும் மருமகனும் குசுகுசுன்னு பேசுனாங்க. எங்காதுல கடைசி வார்த்தைதான் உழுந்துது. பொன்னாத்தா அழுதுட்டே சொல்றா, "அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க மாப்ள. தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு ஒக்காந்துருவாரு. அப்பறம் மனுசன் எந்திரிக்க மாட்டாரு."

எனக்குப் புரிஞ்சுபோச்சு. கேமராவுல ஆள் தெரிஞ்சிருக்கறான். தெரிஞ்ச ஆளு. எந்த ஆளோட பேரைக் கேட்டா எம்மனசு ஒடையும்? கூடப் பொறந்தவன். எந்தம்பி ரங்கசாமி. வேற யாரு? அவனுக்கு வண்டி வாங்க வக்கில்லை. வண்டி வந்தன்னிக்கு அவன்தான் சுத்திச் சுத்தி வந்து தொட்டுப் பாத்தான். மாப்பிள்ளை வந்துட்டுப் போன அன்னிலருந்து அவன்கிட்ட நான் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லைங்க. ஆனா ஒரு வார்த்தை கேக்கலை. மன்னிச்சு உட்டுட்டேன். அவன் என்னடான்னா ஒண்ணுந் தெரியாதவனாட்டம், "அண்ணா, ஏன் பேச மாட்டீங்கறீங்க, நான் என்ன தப்புப் பண்ணேன்"னு கண்ணுல தண்ணி வெச்சுட்டு நிக்கறான். நடிப்புன்னா அதுதானுங்க நடிப்பு. இன்னிக்கு வேன்ல அவன் இருக்கறான். நான் பஸ்ஸுல வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அதுக்கப்பறம் எங்கூட்டுல நடக்கறதெல்லாம் ஒரே மர்மமுங்க. மாப்பிள்ளை பாட்டரியைக் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்திருக்கறேன்னாரு, மாசம் மூணாச்சு, வரவே இல்லை. பானெட்டுத் தொறக்கற கம்பி அறுந்துபோச்சாம். நான் மொண்டுட்டு வர்ற கேன் ஒண்ணு தங்கறதில்லை. கேட்டா, "தென்னைக்கு ஊத்திட்டேனுங்க, வாடியிருந்துச்சு"ங்கறா பொன்னாத்தா. கூடுதுறைத் தீர்த்தத்தைத் தென்னைக்கு ஊத்தறவ எங்கயாச்சும் உண்டா? இந்த ஆடி நோம்பிக்கு மொண்டதை மட்டும் கடையில பைப்பு அடுக்குக்குப் பொறகால ஒளிச்சு வெச்சேன். அதுதான் இது. இன்னிக்குக் காத்தால பையிலருந்து எடுக்கறப்பத்தான் பாத்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு அவளுக்கு. "குடுங்க, நான் வெச்சுக்கறேன்"னு எத்தனையோ கேட்டா. நானாக் குடுப்பேன்? மேட்டுப்பாளையத்துலருந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டுப் போட்டுப் பாக்கறா, விருந்துச் சந்தடியில அங்க எடுக்கலை போலிருக்குது.

எதுக்குக் கொண்டுபோறேன்னு உங்களுக்கு மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க.

மாப்பிள்ளையோட அந்தத் தீப்பெட்டிக் காருக்கு இதுவரைக்கும் தீர்த்தமே காட்டலைங்க. வாங்குனதுலருந்து ஒரு மூடி ஊத்தலை. அதுல எம்புள்ளை ஏழு மாச வயித்தோட இந்த மலையெறங்கப் போறா. ரங்கசாமியும் அங்கதான் சுத்திட்டு இருப்பான். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை தம்பி. கண்ணை மூடுனா "அப்பா"ங்கற சத்தந்தான். அதனால ஒண்ணு முடிவு பண்ணியிருக்கறேன். எல்லாரும் பந்தியில ஒக்காந்ததும் நைசா வெளிய வந்து, பானெட்டைத் தொறந்து, அந்தப் பிரேக்கு டப்பாவுல இருக்கற எண்ணெயைத் துணியில பூராவும் ஒத்தியெடுத்துட்டு, முழுக்க முழுக்கத் தீர்த்தமா நெரப்பிரப் போறேன். ஒரு மூடி, மூணு மூடியெல்லாம் இல்லை. எவன் வந்து தண்ணி கலக்கறதுக்கும் எடமே இருக்காது. எப்படி?

தம்பி? ஏனுங், மூஞ்சியெல்லாம் வேர்த்துப் போச்சு? வாந்தி வருதா? வளைவுல சில பேருக்கு அப்படித்தான், எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க. தண்ணியா? எங்கிட்டத் தண்ணி இல்லீங்களே. இதா, இது தீர்த்தம். ஒரு மூடி வேணாத் தர்றேன், தாகத்துக்குக் குடுக்கறது புண்ணியந்தான். மூடி பத்தாதா? செரி, ரெண்டு வாய் குடிங்க. கேனை நான் புடிச்சுக்கறேன், நீங்க அண்ணாந்து... அட, இழுக்காதீங்க. மெல்ல. மெல்லத் தம்பி. போதும். தம்பி, போதுமுங்க. ஏனுங், மூச்சு உட்டுட்டுக் குடிங்க, பொறையேறிக்கும். ஐயோ சாமி.

என்னங்க இது. ஒரு சொட்டு இல்லாமக் குடிச்சுப்போட்டீங்களே.

இத்தனை தாகம் இருக்கறவரு மேட்டுப்பாளையத்துலயே ஒரு பாட்டலு வாங்கியிருக்கக் கூடாதுங்களா? நான் ஆடி நோம்பிலருந்து ஒளிச்சு வெச்சது. செரி, தாகம்னு வந்தவனுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது. போகட்டும், உங்க வயித்துக்காச்சும் நல்லது பண்ணட்டும். ஆனா எம்புள்ளைக்கு நான் இப்ப எதைக் கொண்டுபோறது? வெறுங்கையோட போறேனே.

அதா, பொன்னாத்தா எந்திரிச்சு வர்றா. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருந்திருக்கறா. வளைவு வருது, ஒக்காருன்னா கேக்க மாட்டா. ஏன் சிரிக்கறா? சித்திரையிலருந்து இவ சிரிச்சு நான் பாக்கலைங்க. கண்ணுல தண்ணி வேற ஊத்துது. ஏன்டி, என்னாச்சு? உங்களைத்தான் பாக்கறா தம்பி. எந்த ஊருங்க சாமின்னு கேக்கறா, சொல்லுங்க.

ஏ பொன்னாத்தா, என்ன பண்றே? கட்டை ஏன் அவுக்கறே? புள்ளை இன்னும் வாயில வெக்கலையே. நான் பசின்னு கேட்டப்ப சாமிக்கே கெடையாதுன்னயே. பாருங்க தம்பி, உங்களுக்கு அள்ளி வெக்கறா. கை நெறைய வெக்கறா. எனக்குக் கூட இந்தப் பாசத்தோட இவ சோறு போட்டதில்லைங்க. உங்களுக்கு இவளை முன்னாலயே தெரியுமா? தெரியாதா? அப்பறம் எதுக்கு இவ உங்களைக் கையெடுத்துக் கும்புடறா?

எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க. சாப்புடுங்க, நல்லாத்தான் ஆக்கியிருப்பா. இருந்தாலும் அடியில ஒரு மூடி அளவுக்காச்சும் நீங்க மிச்சம் வெச்சிருக்கலாம்.